பின்னால் உட்கார்ந்து பார்த்த பிறகு

ஊசூரில் பைக்கை நிறுத்தச் சொல்லி அம்மா இறங்கிக்கொண்டார். "நீ போ கண்ணு, நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்" என்றார். வேலூரில் முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு, அணைக்கட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பாதி வழிகூடத் தாண்டவில்லை. வெயில் உச்சியில் இருந்தது. அந்த நேரத்தில் பஸ் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏன் என்று கேட்டேன். "பஸ்ஸில் கொஞ்சம் காலை நீட்டி உட்காரலாம்" என்றார். காலை நீட்டி உட்காரும்படியான சீட் எங்கள் ஊர் பஸ்ஸில் கிடையாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அம்மா வண்டியில் ஏறினால் வீடு போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டே வருவார். யார் வீட்டுக் கல்யாணம், எந்தக் கழனியில் கிணறு வற்றியது, மார்க்கெட்டில் கத்திரிக்காய் என்ன விலை என்று பேச்சு ஓடும். ஆனால் சில மாதங்களாக அந்தப் பேச்சு ஒரே சீராக வரவில்லை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் சட்டென்று நிற்கும். தடை தாண்டி இரண்டு நொடி கழித்து விட்ட இடத்திலிருந்து தொடரும். ஹெல்மெட்டுக்குள் காற்று இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வண்டி அப்பாவுடையது. 100 சிசி, பன்னிரண்டு வயது. பின்பக்கம், குலுக்கலை வாங்கிக்கொள்ள இரண்டு ஷாக் அப்சார்பர். அப்பா விவசாயத்தைக் குறைத்துக்கொள்ளும்வரை இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை மூட்டை மூட்டையாக அதில் கட்டி, விடியற்காலையில் வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கத்திரிக்காய் அது. அந்தப் பெருமையில் எங்கள் வண்டிக்கும் சிறு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். மூட்டை சுமந்த வண்டியின் முதுகு எப்படி இருக்கும் என்பதை மட்டும் நான் யோசித்ததில்லை. எஞ்சின் ஆயில் மாற்றினேன், செயின் மாற்றினேன், டயர் மாற்றினேன். ஷாக் அப்சார்பரை ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் தொரப்பாடியில் எங்கள் வண்டியை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் போனேன். ஊரே அவரை பாய் என்றுதான் அழைக்கும். நடந்ததைச் சொன்னேன். அவர் ஸ்பானரைத் தொடவில்லை. "சாவியைக் கொடுங்கள் தம்பி. நீங்கள் பின்னால் உட்காருங்கள். அம்மா உட்காருவது போலவே ஒருக்களித்து உட்காருங்கள்" என்றார்.

பத்து வருடமாக நான் ஓட்டுகிற வண்டியில் அன்றுதான் முதல்முறை பின்னால் உட்கார்ந்தேன். அரியூர் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பினோம். முதல் வேகத்தடையிலேயே முதுகெலும்பின் அடியிலிருந்து கழுத்துவரை ஓர் அடி ஏறியது. அது அடங்குவதற்குள் சீட் மறுபடி எழும்பி இன்னொரு முறை தூக்கிப் போட்டது. மூன்றாவது தடைக்கு முன்னால் நானே மூச்சைப் பிடித்தேன். அதே தடைகளை முன்னால் உட்கார்ந்து நூறு முறையாவது தாண்டியிருப்பேன். எனக்கு ஒன்றும் தெரிந்ததில்லை.

தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. ஓட்டுபவர் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறார். பின்சக்கரம் 10 சென்டிமீட்டர் ஏறினால் அவர் இருக்கும் இடம் ஏறக்குறைய அதில் பாதிதான் ஏறும். பின்னால் உட்காருபவருக்கு நேர் கீழே பின்சக்கரத்தின் அச்சு இருக்கிறது. சக்கரம் ஏறுவது முழுவதும் அவருக்கு. மேலும், பள்ளம் வருவது ஓட்டுபவரின் கண்ணுக்கு முன்கூட்டியே தெரிகிறது. கால்களை ஊன்றி உடம்பைச் சற்றுத் தூக்கிக்கொள்கிறார். புடவை கட்டி ஒருக்களித்து உட்காரும் பெண்ணுக்கு அந்த வழியும் இல்லை. பெரும்பாலும் ஒரு கால்தான் மிதியில் இருக்கும். ஒரு கை மகனின் தோளில், இன்னொரு கை மருந்துப் பையில். வருகிற அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள முதுகெலும்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. பின் ஷாக் அப்சார்பர் உண்மையில் பின்னால் உட்காருபவருக்கான உறுப்பு. அதைத் தேர்ந்தெடுப்பவரோ எப்போதும் முன்னால் உட்காருபவர். நான் செய்த எல்லாத் தவறுகளும் இதிலிருந்து தொடங்கியவை.

திரும்பி வந்ததும் பாய் வண்டியின் வாலைப் பிடித்து ஓங்கி ஒரு அழுத்து அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். வண்டி மேலே வந்தது, இறங்கியது, மறுபடி வந்தது, மறுபடி இறங்கியது. நல்ல ஷாக்காக இருந்தால் ஒருமுறை எழுந்து அப்படியே அடங்கிவிட வேண்டும். பிறகு குனிந்து, ஸ்பிரிங் சுருள்களுக்கு இடையே தெரியும் ராடைக் காட்டினார். அதன் மேல் எண்ணெய் கசிந்து, அதில் செம்மண் தூசி ஒட்டி, களிம்பு போல ஒரு வளையம் கட்டியிருந்தது. துணியால் துடைத்துவிட்டு நகத்தால் தடவச் சொன்னார். குரோம் பூச்சில் துருப்பிடித்த சிறு குழிகள் நகத்தில் தட்டின. ராடு மேலும் கீழும் போகும்போதெல்லாம் அந்தக் குழிகளின் விளிம்பு, எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ஆயில் சீலை அறுத்திருக்கிறது. புதிய சீல் போட்டாலும் இந்த ராடு அதையும் அறுக்கும். மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். விசைக்கு நேர்விகிதத்தில் ஸ்பிரிங் நீளும் அல்லது சுருங்கும் என்று ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதியை ஆண்டுதோறும் பதினொன்றாம் வகுப்புக்கு நடத்துகிறேன். ஷாக் அப்சார்பர் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது இரண்டு வேலைக்காரர்கள் சேர்ந்த ஒரு கூட்டு. வெளியே தெரியும் ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. சக்கரம் ஏறும்போது சுருங்கி, அந்த ஆற்றலைத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. வைத்துக்கொண்டதை உடனே திருப்பியும் கொடுத்துவிடும். அதுதான் ஸ்பிரிங்கின் குணம். உள்ளே இருக்கும் டாம்பர் அந்த ஆற்றலைச் செலவழித்துத் தீர்க்கிறது. எண்ணெய் நிரம்பிய குழாய்க்குள் ஒரு பிஸ்டன், அதில் சிறு துளைகளும் வால்வுகளும். பிஸ்டன் நகர வேண்டுமானால் எண்ணெய் அந்தத் துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த நெருக்கத்தில் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. மோசமான சாலையில் ஓட்டிவிட்டு ஷாக்கின் குழாயைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும். அம்மாவின் முதுகுக்குப் போயிருக்க வேண்டிய அடிதான் அந்தச் சூடு.

எங்கள் வண்டியில் எண்ணெய் போய்விட்டதால் செலவழிக்க ஆள் இல்லை. ஸ்பிரிங் வாங்கியதையெல்லாம் அப்படியே திருப்பி அடித்துக்கொண்டிருந்தது. அதுதான் இரண்டாவது தூக்கிப்போடல்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் முதல்முறை தவறான ஷாக்கைத்தான் வாங்கினேன். பாயின் கடைக்கு மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு, வழியில் ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த ஜோடியில் மனம் போய்விட்டது. சிவப்பு ஸ்பிரிங், பக்கத்தில் தங்க நிறத்தில் ஒரு சிறு குடுவை. "கேஸ் ஷாக் சார், லோடுக்கு அசையாது, உங்கள் வண்டிக்கு அப்படியே பொருந்தும்" என்றார் கடைக்காரர். 3,600 ரூபாய். லோடு என்ற சொல்லில் மயங்கினேன். அம்மா உட்கார்ந்தால் வண்டி தாழ்கிறது, ஆகவே தாழாத ஷாக் வேண்டும் என்று கணக்குப் போட்டேன். அசையாத ஷாக் அப்சார்பர் என்றால் அது வெறும் இரும்புக் கம்பி என்று ஏன் தோன்றவில்லை என்று பின்னால் பல நாள் யோசித்திருக்கிறேன்.

அது பொருந்தியது உண்மைதான். போல்ட் ஏறியது. ஆனால் பழைய ஷாக்கின் நீளம், மேல் போல்ட்டின் மையத்திலிருந்து கீழ் போல்ட்டின் மையம்வரை 320 மில்லிமீட்டர். புதியது 340. 20 மில்லிமீட்டர் என்பது ஒரு விரல் அகலம். அந்த ஒரு விரல் என்னென்ன செய்தது என்று சொல்கிறேன். சென்டர் ஸ்டாண்டு போட்டால் பின்சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. சைடு ஸ்டாண்டில் வண்டி அளவுக்கு மேல் சாய்ந்தது. வால் உயர்ந்ததால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் நிமிர்ந்து, ஹேண்டில் லேசாகிவிட்டது. பள்ளிகொண்டா பக்கம் தேசிய நெடுஞ்சாலையில் லாரிக் காற்று பட்டாலே வண்டி தத்தளித்தது. முழங்கால் வலிக்காரரான அம்மாவால் உயர்ந்துபோன சீட்டில் ஏறவே முடியவில்லை. திண்ணைப் படியை ஒட்டி நிறுத்தி ஏற்றினேன். முதல் வேகத்தடையில் பழைய ஷாக் கொடுத்ததை விடக் கூர்மையான அடி விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் தோளில் இருந்த விரல்கள் மட்டும் இறுகின.

அந்தக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பாய் அந்தக் குடுவையைப் பிளேடால் தட்டிப் பார்த்தார். வெற்று ஒலி. சரியான கேஸ் ஷாக்கில் நைட்ரஜன் அழுத்தம் எண்ணெயோடு தொடர்பில் இருக்கும். பிஸ்டன் வேகமாக ஓடும்போது எண்ணெயில் குமிழி கட்டாமல் அது தடுக்கும். நுரைத்த எண்ணெய் துளைகளில் நெருக்கம் காட்டாது, அதனால்தான் அந்த ஏற்பாடு. தரமான ஷாக்குகளில் அது உண்மையான பயனுள்ள பொருள். மலிவான சிலவற்றில் குடுவை வெறும் அலங்காரம். வெளியே ஒட்டவைத்திருப்பார்கள், உள்ளே வழியே இருக்காது. நான் வாங்கியது அந்த வகை.

அதன் பிறகுதான் உட்கார்ந்து அளந்தேன். முதலில் செய்திருக்க வேண்டிய வேலை. பழைய ஷாக்கையே திரும்பப் பூட்டி, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைத் தொங்கவிட்டேன். சக்கர அச்சின் மையத்துக்கு நேர் மேலே சீட்டின் கீழ்விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு. இரண்டுக்கும் இடையே 512 மில்லிமீட்டர். ஸ்டாண்டை எடுத்து, நான் ஏறி உட்கார்ந்து, தம்பியை அளக்கச் சொன்னேன். 474. அம்மாவும் ஏறினார். 451.

இந்த மூன்று எண்களுக்குள் எல்லாமே இருக்கிறது. எங்கள் வண்டியின் பின்சக்கரம் மொத்தம் 90 மில்லிமீட்டர்தான் மேலும் கீழும் நகர முடியும். நான் மட்டும் உட்கார்ந்தாலே 38 போய்விட்டது. அம்மாவும் உட்கார்ந்ததும் 61. மிச்சம் 29 மில்லிமீட்டர். மூன்று சென்டிமீட்டர்கூட இல்லாத இடத்தை வைத்துக்கொண்டு அந்த ஷாக் எந்தத் தடையை வாங்கும்? ஒவ்வொரு தடையிலும் அது முட்டும்வரை இறங்கி, இரும்போடு இரும்பாக மோதியிருக்கிறது. சாலை வண்டிகளுக்கு ஓட்டுபவர் உட்கார்ந்தபின் மொத்த நகர்ச்சியில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இறங்கியிருப்பது நல்லது என்பது பரவலான கணக்கு. எங்கள் வண்டிக்கு அது 22 முதல் 30 மில்லிமீட்டர்.

ஸ்பிரிங்கின் அடியில் இருக்கும் படிக்கட்டு வளையத்தைத் திருப்பி வைத்தால் சரியாகாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அப்பா அதை எப்போதோ கடைசிப் படியான ஐந்தாவதில் வைத்துவிட்டார். கத்திரிக்காய் மூட்டைக்காக வைத்தது, பிறகு யாரும் இறக்கவில்லை. அந்த வளையத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்பார்கள். ஸ்பிரிங் மாறுவதில்லை. அது ஏற்கெனவே கொஞ்சம் அழுத்தப்பட்டு நிற்பதால் வண்டி உயர்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டர் சுருங்க எத்தனை விசை வேண்டுமோ அது அப்படியே இருக்கும். ஐந்தாவது படியிலும் 38 மில்லிமீட்டர் இறங்குகிறது என்றால் ஸ்பிரிங் தன் உயரத்தில் கொஞ்சத்தை இழந்துவிட்டது, எங்கள் எடைக்கு அது போதவும் இல்லை என்று பொருள்.

எவ்வளவு போதவில்லை என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. பாய் தன் கருவியால் அழுத்திப் பிடித்து ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றிக் கொடுத்தார். கருவி இல்லாமல் யாரும் வீட்டில் இதைக் கழற்ற முயல வேண்டாம், அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் கண் போய்விடும். வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்துத் தரையில் நிமிர்த்தி வைத்து, மேலே ஒரு மணைப்பலகை, அதன் மேல் அரிசிச் சிப்பம் வைத்தோம். வரிக்கணக்கு மாறிய பிறகு எங்கள் பக்கம் அரிசி 26 கிலோ சிப்பமாக வருகிறது. சாயாமல் தம்பி பிடித்துக்கொண்டான். ஒரு சிப்பத்துக்கு 18 மில்லிமீட்டர் இறங்கியது. இரண்டாவதை ஏற்றினோம். 36. ஹூக் எங்கள் கூடத்தில் வந்து நின்றது போல இருந்தது. ஆய்வகத்தில் சிறு எடைகளைத் தொங்கவிட்டு எத்தனையோ முறை காட்டிய நேர்விகிதம், அரிசிச் சிப்பத்தில் பார்த்தபோது எனக்கே புதிதாக இருந்தது. 26 கிலோ என்பது சுமார் 255 நியூட்டன் விசை. 18ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 14 நியூட்டன். இதுதான் ஸ்பிரிங்கின் கடினம். எதை வாங்கினாலும் இதோடு ஒப்பிட வேண்டும்.

கடையில் அரிசிச் சிப்பம் வைத்து அளக்க முடியாது. அங்கே உதவுவது, கம்பியின் விட்டத்தைத் துல்லியமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர். ஸ்பிரிங்கின் சுருள் அகலமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால், கடினம் கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. நான்காம் அடுக்கு என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் பழைய ஸ்பிரிங்கின் கம்பி 7 மில்லிமீட்டர். அது 7.5 ஆனால் கடினம் சுமார் 32 சதவீதம் கூடும். 8 ஆனால் 70 சதவீதம். நான் வாங்கிய சிவப்பு ஸ்பிரிங்கை அளந்தேன். 8. கண்ணால் பார்த்தால் தெரியாத ஒரு மில்லிமீட்டரில்தான் அம்மாவின் விரல்கள் இறுகின.

இந்த இடத்தில் நம் வேகத்தடைகளைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவின்படி ஒரு வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட வட்ட முதுகாக இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரில் போனால் அதைக் கடக்க அரை நொடி ஆகும். எங்கள் சாலையில் உள்ளூர்க்காரர்கள் போட்ட தடைகள் சில, அதே உயரத்தில் ஒன்றரை அடி அகலம்கூட இல்லை. அதே வேகத்தில் அதைக் கடக்க ஆகும் நேரம் நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு. அதற்குள் சக்கரம் 10 சென்டிமீட்டர் ஏறி இறங்க வேண்டும். எந்த டாம்பரிலும் எண்ணெய் அந்த வேகத்தில் துளைகளுக்குள் புகுந்து வெளியே வருவது பெரும்பாடு. குழந்தைகள் சாலையைக் கடக்கும் இடத்தில் தடை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அந்த 3.7 மீட்டர் அகலத்தில் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். நோயாளியை ஏற்றிக்கொண்டு அந்த வழியே போகிறவர்கள் நிறையப் பேர்.

இரண்டாம்முறை கடைக்குப் போனபோது வேறு கடை, பாயும் உடன் வந்தார். என் சட்டைப்பையில் ஒரு சீட்டு: 320 மில்லிமீட்டர் நீளம், மேல் புஷ்ஷின் (போல்ட் நுழையும் ரப்பர் வளையத்தின்) துளை அளவு, கீழ்ப்பக்கம் வளையமா கவையா, கம்பி 7க்கு மேல் 8க்குக் கீழ். மூன்று ஜோடிகள் மேசைக்கு வந்தன.

முதலாவது வண்டி நிறுவனத்தின் சொந்த உதிரிபாகம். நீளம் சரி, கம்பி அதே 7. நான் தனியாக மட்டும் ஓட்டுகிறவனாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுத்திருப்பேன். பழைய ஸ்பிரிங் இழந்த உயரம் புதியதில் திரும்பக் கிடைத்துவிடும். பெரும்பாலோருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. பொருளின் எண்ணையும் பெட்டியில் அச்சிட்ட விலையையும் சரிபார்த்து வாங்க வேண்டும், போலிகள் நிறைய.

இரண்டாவது உண்மையான கேஸ் ஷாக். நல்ல பொருள், நீளமும் 320. ஆனால் புஷ்ஷின் துளை 12 மில்லிமீட்டர், எங்கள் போல்ட் 10. "உள்ளே ஒரு ஸ்லீவ் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்" என்றார் கடைக்காரர். பாய் தலையசைத்து மறுத்தார். இடைவெளியை அடைக்கப் போடும் அந்த ஸ்லீவ் நாளடைவில் தேய்ந்து, வளைவில் வண்டியின் வால் தானாக ஆடத் தொடங்கும் என்பது அவர் அனுபவம். பொருத்துமிடத்தில் சமாதானம் செய்துகொள்ளக் கூடாது என்பதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மூன்றாவது, வண்டி நிறுவனங்களுக்கே ஷாக் அப்சார்பர் செய்து கொடுக்கும் ஒரு தயாரிப்பாளரின் வெளிச்சந்தைப் பொருள். கேப்ரியல், எண்டூரன்ஸ், முஞ்சால் ஷோவா போன்ற பெயர்களை உங்கள் வண்டியின் ஷாக்கிலேயே பார்த்திருப்பீர்கள். 1961இல் தொடங்கிய கேப்ரியலுக்கு நம் பக்கத்து ஓசூரிலேயே தொழிற்சாலை இருக்கிறது. இந்த ஜோடியில் குடுவை இல்லை, மின்னும் நிறம் இல்லை, கறுப்பு ஸ்பிரிங். ஒரு முனையில் சுருள்கள் நெருக்கமாகவும் மறுமுனையில் விலகியும் இருந்தன. சிறு மேடுகளுக்கு நெருக்கமான பகுதி மென்மையாக இறங்கும். எடை கூடும்போது அந்தச் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, மிச்சப் பகுதி கடினமாகத் தாங்கும். தனியாகவும் அம்மாவோடும் மாறி மாறிப் போகிற எனக்கு இதை விடப் பொருத்தமான அமைப்பு இல்லை. கம்பியை அளந்தேன். 7.5.

ஆனால் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. கடினமான ஸ்பிரிங் அதிக வேகத்தில் திருப்பி அடிக்கும். அதை அடக்க டாம்பரும் அதற்கேற்ப வலுவாக இருக்க வேண்டும். ஸ்பிரிங் 32 சதவீதம் கூடினால் டாம்பர் ஏறக்குறைய 15 சதவீதம் கூட வேண்டும். இதை எந்தப் பெட்டியிலும் அச்சிட்டிருப்பதில்லை. கையால்தான் பார்க்க வேண்டும். ஷாக்கைத் தரையில் நிமிர்த்தி, மேலே ஒரு மரக்கட்டை வைத்து, நெஞ்சை ஊன்றி என் முழு எடையையும் அதில் போட்டேன். மூன்று சென்டிமீட்டர் போல இறங்கியது. சட்டென்று விலகினேன். முதல் இரண்டு முறை மேலே வந்தபோது நடுவில் ஒரு தளர்வு தெரிந்தது. மனம் சோர்ந்தது. பாய் சிரித்தார். "படுக்கவைத்து அடுக்கியிருக்கிறார்கள் தம்பி, உள்ளே காற்று இடம் மாறியிருக்கும். நிமிர்த்தி நாலைந்து முறை அழுத்துங்கள்" என்றார். ஐந்தாவது அழுத்தில் தளர்வு போய்விட்டது. இறங்கும்போது எளிதாக இறங்கி, ஏறும்போது யாரோ உள்ளேயிருந்து பிடித்துப் பிடித்து விடுவது போல நிதானமாக ஏறியது. எங்கள் பழைய ஷாக் இதே அழுத்துக்குக் கையை உதறித் தள்ளியிருந்தது. ஏறும்போது காட்டுகிற இந்த நிதானம்தான் நான் தேடியது. ஜோடி 2,350 ரூபாய். ஒன்றை மட்டும் மாற்றலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூடாது. ஒரு பக்கம் தாங்கும், மறுபக்கம் தாங்காது, பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை (ஸ்விங் ஆர்ம்) முறுக்கிக்கொள்ளும்.

பூட்டுகிற வேலை அரை மணி நேரம்தான். அதில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டும். ரப்பர் புஷ்களின் நட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் பாய் முழுவதும் இறுக்கவில்லை. வண்டியைத் தரையில் இறக்கி, என்னை மேலே உட்காரவைத்து, அந்த எடையில்தான் கடைசி இறுக்கு. தொங்கும் நிலையில் இறுக்கினால் எடை ஏறியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும் என்றார். இதை எங்கும் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மறுபடி அளந்தோம். நான் மட்டும்: 26 மில்லிமீட்டர். அம்மாவும் சேர்ந்து: 43. வளையத்தை இரண்டு படி ஏற்றினால் 37. அப்போதும் மேலே 53 மில்லிமீட்டர் மிச்சம். 29 இருந்த இடத்தில் 53.

அடுத்த மருத்துவமனை நாள் வந்தபோது அம்மா முதலில் தயங்கினார். பஸ்ஸிலேயே போய்விடுகிறேன் என்றார். உயரம் பழையபடிதான் இருக்கிறது, ஏறிப் பாருங்கள் என்றேன். ஏறினார். ஊசூர் தாண்டி, ஸ்ரீபுரம் தாண்டி, அரியூர் போகும்வரை சித்தி வீட்டு நிலத்தகராறைச் சொல்லிக்கொண்டு வந்தார். சொல்லி முடிக்கவில்லை. நடுவில் எத்தனை வேகத்தடை வந்தது என்று நான் எண்ணினேன், ஏழு. ஒரு இடத்திலும் பேச்சு நிற்கவில்லை. இறங்கியதும் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "சாயங்காலம் எத்தனை மணிக்கு வருகிறாய்?" என்று மட்டும் கேட்டார்.

படி மாற்றும் கொக்கி ஸ்பானரைச் சீட்டுக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அம்மா வரும் நாளில் இரண்டு படி மேலே, மற்ற நாளில் கீழே. ஒரு மாதம் கழித்து நட்டுகளைச் சரிபார்த்தபோது அப்பா பக்கத்தில் வந்து நின்று, கறுப்பு ஸ்பிரிங்கை விரலால் தட்டிப் பார்த்தார். "எத்தனை மூட்டை தாங்கும்?" என்று கேட்டார். தனியாக ஓட்டினால் ஒரு மூட்டை, அதுவும் சின்ன மூட்டை, அதற்கு மேல் கூடாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஸ்பானரை என் கையிலிருந்து வாங்கி, வளையத்தை எப்படித் திருப்புவது என்று காட்டச் சொன்னார்.